மண்வெட்டிச் சின்னம்

1949 மே மாதம் மேற்கு ஜெர்மனி தனக்கென்று ஓர் அரசியல் சட்டத்தை எழுதி முடித்தபோது அந்த நாட்டிடம் ராணுவமே கிடையாது. போரில் தோற்று, நகரங்கள் இடிந்து, ஜெயித்தவர்களின் படைகள் தெருவில் நின்ற காலம். அப்படியிருந்தும் அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், சமய சுதந்திரத்தைச் சொல்லும் உட்பிரிவுகளை ஒட்டியே, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: மனசாட்சிக்கு விரோதமாக எவரையும் ஆயுதம் தாங்கிய போர்ப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. படை 1955இல்தான் வந்தது. இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் 1956இல். குதிரை வாங்கும் முன்பே கடிவாளம் வாங்கி மாட்டிவைத்த கதை இது. அந்த வாசகத்தில் கவனிக்க வேண்டியது 'ஆயுதம் தாங்கிய' என்ற அடைமொழி. வெறுமனே போர்ப்பணி என்று எழுதியிருக்கலாமே? ஆயுதத்தை ஏன் எல்லைக்கோடாக வைத்தார்கள்? கிறிஸ்தவர்கள் 1,700 ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்களுக்குள் நடத்திவரும் ஒரு வழக்கின் சாரம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இல்லாததால் அந்த வழக்கு நம் வீட்டுப் படியேறி வந்ததில்லை. வந்த இடங்களில் நடந்ததைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆயுதத்தில் போட்ட கோடு பல உயிர்களைக் காப்பாற்றிய நல்ல கோடுதான். ஆனால் அது விசுவாசத்தைவிட அரசாங்கங்களுக்கே அதிக வசதி. விசுவாசத்தின் கோடு வேறோர் இடத்தில் இருக்கிறது: கொல்லலாமா கூடாதா என்ற தீர்ப்பை யார் கையில் கொடுப்பது என்பதில்.

வேதாகமத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு. மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன மலைப்பிரசங்கம் ஒரு பக்கம். கெத்செமனே தோட்டத்தில் வாளை உருவிய பேதுருவை இயேசு தடுத்த காட்சி அதற்குத் துணை. மறுபக்கம், தன்னிடம் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்ட போர்ச்சேவகர்களிடம் யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்கிற அளவில் நிறுத்திக்கொண்டான். நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு ஞானஸ்நானம் பெற்ற பிறகு பதவியைத் துறந்தானா என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அதிகாரத்தின் கையில் பட்டயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. வசனத்துக்கு வசனம் எறிந்து இந்த விவாதத்தை முடித்தவர் இதுவரை எவருமில்லை. ஆகவே, அந்த வசனங்களை வைத்துக்கொண்டு சபைகளும் மனிதர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது.

முதல் மூன்று நூற்றாண்டுச் சபைத் தலைவர்களின் எழுத்து பெரும்பாலும் படைக்கு எதிரானது. பேதுருவின் வாளை இறக்கவைத்தபோதே ஒவ்வொரு வீரனின் இடுப்புக் கச்சையையும் இயேசு அவிழ்த்துவிட்டார் என்பது வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் வைத்த வாதம். உங்கள் கோயில் பூசாரிகளின் கையில் ரத்தக்கறை படக்கூடாதென்று அவர்களுக்குப் படையிலிருந்து விலக்குத் தருகிறீர்களே, ஜெபத்தால் போராடும் எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது என்று ரோமானிய விமர்சகர்களைத் திருப்பிக் கேட்டார் ஒரிஜன். இவற்றைவிடச் சுவையானது 'அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம்' என்ற பெயரில் கிடைத்திருக்கும் பழைய சபை ஒழுங்கு நூல். விசுவாசியானவன் புதிதாகப் படையில் சேரப் போனால் அவனை விலக்கிவிட வேண்டும் என்கிறது அது. ஆனால் ஏற்கெனவே வீரனாக இருப்பவன் விசுவாசத்துக்கு வந்தால், கொல்லாதே, கொல்லச் சொன்னாலும் செய்யாதே, சத்தியப்பிரமாணம் எடுக்காதே என்று அவனுக்குக் கற்பிக்கச் சொல்கிறது. படையில் இரு, கொல்லாமல் இரு! இன்றைக்கு இது முரணாகப் படலாம். அன்றைய ரோமப் படை சாலை போட்டது, தபால் சுமந்தது, சிறைக் காவல் காத்தது. ஒரு வாழ்நாள் முழுக்கப் போர்க்களத்தைப் பார்க்காமலே ஓய்வுபெற்ற சிப்பாய்களும் இருந்திருப்பார்கள். ஆயுதமில்லாத ராணுவ சேவை என்ற எண்ணத்தின் விதை அந்த நூலில் கிடக்கிறது. கூடவே, கொலையையும் பிரமாணத்தையும் ஒரே மூச்சில் அது தடுத்ததையும் கவனிக்க வேண்டும்.

அந்தப் பிரமாணத்தின் பொருள் 295ஆம் ஆண்டு நடந்த ஒரு விசாரணையில் தெளிவாகிறது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெபெஸ்ஸாவில், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் 21 வயது மகன் மாக்ஸிமிலியான், ஆள் சேர்க்கும் இடத்தில் உயரம் அளக்கவே ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் தொங்கவிடும் ஈய முத்திரையையும் மறுத்தான். விசாரித்த அதிகாரி தியோன் முரட்டு ஆசாமியாகத் தெரியவில்லை. பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டிருக்கிறார். தங்களுக்குத் தக்கது எதுவென்று அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது என்ற பொருளில் அவன் பதில் சொன்னான். தலை போனது. மற்றவர்களை அவன் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களுக்காகத் தீர்ப்பு எழுதவும் இல்லை. தன் தீர்ப்பைத் தியோனிடம் ஒப்படைக்கவும் மறுத்தான்.

கான்ஸ்டன்டீனுக்குப் பிறகு காற்று திசை மாறியது. பேரரசே கிறிஸ்தவமாகும்போது அதன் எல்லையைக் காக்கும் பொறுப்பும் கிறிஸ்தவர்களுடையதாகிறது. ஆனாலும் உறுத்தல் உடனே போய்விடவில்லை. போரில் கொன்றவனைக் கொலைகாரன் என்று கருத வேண்டாம், ஆனால் அவன் கை சுத்தமில்லை, மூன்று ஆண்டு நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று 4ஆம் நூற்றாண்டில் எழுதினார் செசரியாவின் ஆயர் பசிலியார். அகுஸ்தீனார் இன்னும் ஓர் அடி போனார். நியாயமான போர் என்ற கோட்பாட்டுக்கு மேற்கில் அடித்தளம் போட்டவர் அவர். அதோடு, அநியாயமான அரசனின் கீழும் நல்ல வீரன் குற்றமற்றவனாக இருக்கலாம், கட்டளையின் பாவம் கட்டளையிட்டவனுக்கே என்றார். கிறிஸ்தவ உலகத்துக்குப் பெரும் ஆறுதலைத் தந்த வாக்கியம் இதுதான். பெரும் ஆபத்தைக் கொண்டுவந்ததும் இதுவே என்பது என் கருத்து. நியாயமான போர், அநியாயமான போர் என்று பிரித்துவிட்டு, அதைப் பிரித்தறியும் வேலையை அரசனிடமே கொடுத்துவிட்டால் எந்த அரசன் தன் போரை அநியாயம் என்று சொல்வான்? தராசை வியாபாரியின் கையிலேயே விட்டதுபோல் ஆயிற்று.

அந்த ஓட்டையைச் சிலர் கண்டுகொண்டார்கள். போர் அநியாயமானது என்று ஒரு குடிமகனுக்கு உறுதியாகத் தெரிந்தால் அரசன் ஆணையிட்டாலும் அவன் போகக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டில் சாலமன்காவில் பாடம் நடத்தினார் டொமினிக்கன் துறவி விட்டோரியா. சந்தேகம் மட்டும் இருந்தால் கீழ்ப்படியலாம் என்பதும் அவர் பாடத்தில் உண்டு. கத்தோலிக்கருக்கு நேரெதிர்த் தரப்பில் நின்ற மார்ட்டின் லூதர், படைவீரர்களும் ரட்சிப்படைய முடியுமா என்பது பற்றி 1526இல் எழுதிய சிறுநூலில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்: பிரபுவின் பக்கம் தவறு என்று நிச்சயமாகத் தெரிந்தால் போகாதே, தெரியாவிட்டால் கீழ்ப்படி. இருவரும் போர் எதிர்ப்பாளர்கள் அல்ல என்பதுதான் முக்கியம். ஆயுதம் ஏந்தலாம் என்று ஒப்புக்கொண்டவர்களே, எந்தப் போரில் என்று கேட்கும் கடமையைச் சாதாரண வீரனின் தோளில் வைத்தார்கள்.

அந்தக் கடமையை ஒரு விவசாயி நிறைவேற்ற முயன்றால் என்ன ஆகும் என்பதை மேல் ஆஸ்திரியாவின் சாங்ட் ராடெகுண்ட் கிராமம் பார்த்தது. 1907இல் பிறந்த ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் அவ்வூர்க் கோயிலில் உபதேசியார் வேலையும் பார்த்த குடியானவர், மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதற்கு ஒப்புதல் கேட்டு 1938இல் நடந்த வாக்கெடுப்பில் ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1940இலும் அடுத்த ஆண்டிலும் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் இந்தப் போர் அநியாயம், இதில் பங்கெடுப்பது பாவம் என்ற முடிவு அவருக்குள் உறைந்தது. பங்குத்தந்தையரிடம் கேட்டார். லின்ஸ் நகர ஆயர் ஃபிலீசரிடமே போய்க் கேட்டார். ஆட்சியாளர்களின் செயலுக்குத் தனி மனிதன் பொறுப்பாளி ஆகமாட்டான், உனக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கிறது என்ற தோரணையில் அறிவுரை கிடைத்தது. ஆயர் கெட்டவரென்று சொல்ல முடியாது. வந்திருப்பவர் உளவாளியோ என்ற பயம்கூட அந்நாளில் இயல்பு. ஆனால் அவர் தந்தது அகுஸ்தீனாரின் ஆறுதல்தான். 1943 மார்ச்சில் அழைப்பு வந்தபோது யேகர்ஷ்டேட்டர் என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போய்ப் போரிட மறுப்பதைச் சொன்னார். மருத்துவ ஊழியனாக வேண்டுமானால் பணியாற்றுகிறேன் என்றும் சொன்னார். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. பெர்லின் சிறையில் இருந்தபோது, முந்தைய ஆண்டு அதே வழியில் உயிர்விட்ட ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் தேறுதல் அடைந்ததாகத் தெரிகிறது. ரைனிஷ் ஆயுதத்தை அல்ல, ஹிட்லரின் பெயரில் எடுக்க வேண்டிய நிபந்தனையற்ற பிரமாணத்தையே மறுத்தவர்.

அதே ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொருவர். வர்ஜீனியாவின் டெஸ்மண்ட் டாஸ், ஏழாம் நாள் அட்வெந்திஸ்து சபையைச் சேர்ந்தவர். கப்பல் கட்டும் தளத்தில் வேலை இருந்ததால் படையிலிருந்து தள்ளிவைப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல் 1942இல் சேர்ந்தார், துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்ற நிபந்தனையோடு. சக வீரர்கள் ஏளனம் செய்தார்கள், மனநிலை சரியில்லை என்று சொல்லி வெளியேற்றவும் பார்த்தார்கள். 1945 மே மாதம் ஒகினாவாவின் மயேதா செங்குத்துப் பாறையில் அவர் காயமடைந்தவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார் அவர், நூறு இருக்கும் என்றார்கள் மற்றவர்கள், நடுவில் 75 என்று எழுதிக்கொண்டார்கள். அக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமன் அமெரிக்காவின் உச்சபட்ச வீரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். மெல் கிப்சன் எடுத்த படத்தால் இந்தக் கதை உலகறிந்தது. யேகர்ஷ்டேட்டரும் டாஸும் செய்ய முன்வந்த வேலை ஒன்றுதான்: ஆயுதமில்லாமல் காயத்துக்குக் கட்டுப்போடுவது. ஒருவருக்குக் கழுத்தில் பதக்கம், மற்றவருக்குக் கழுத்தில் கத்தி. விசுவாசத்தின் ஆழத்தில் வேறுபாடு தேட வேண்டாம். ஒரு நாட்டின் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது, மற்றது வைக்கவில்லை.

டாஸைக் கொண்டாடுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது வழக்கம். அவரை எதிர்ப்பவர்களின் கேள்வி கூர்மையானது: பக்கத்தில் இருந்தவன் சுட்டதால்தானே இவர் உயிரோடு கட்டுப்போட முடிந்தது? மற்றவன் கையைக் கறையாக்கித் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்ன நியாயம்? பாறையின் உச்சியில் எல்லாரையும்விட அதிக ஆபத்தில் நின்றவரைப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்றோ கோழைத்தனம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் கேள்வியின் மையம் அப்படியே நிற்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. பிரிட்டனில் முதல் உலகப் போரின்போது போரை மறுக்கும் கிறிஸ்தவக் குழுவான குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் காயமடைந்தவர்களைச் சுமந்த கார்டர் காட்ச்பூல், 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்ததும் அந்தப் பணியை விட்டு விலகிச் சிறைக்குப் போனார். தான் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினால் இன்னொருவன் துப்பாக்கி தூக்க அனுப்பப்படுவான் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அட்வெந்திஸ்துகளின் சொந்த வரலாற்றிலேயே இன்னும் கசப்பான அத்தியாயம் உண்டு. 1954 முதல் 1973 வரை, ஆயுதம் ஏந்தாத அட்வெந்திஸ்து வீரர்கள் ஏறத்தாழ 2,300 பேர் மேரிலாண்டின் ஃபோர்ட் டெட்ரிக்கில் கியூ காய்ச்சல் முதலான கிருமிகளைத் தங்கள் உடலில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். தடுப்பூசிக்காக, தற்காப்புக்காக என்று சொல்லப்பட்டது. அவர்கள் துணிச்சலையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே நாடு 1969 வரை கிருமி ஆயுதங்களைத் தாக்குதலுக்கும் தயாரித்துக்கொண்டிருந்தது. கையில் துப்பாக்கி இல்லை. உடலே ஆராய்ச்சிக்கூடம். ஆயுதம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே யார் சொல்வது?

ஆயுதத்தில் கோடு போடுவதை அரசாங்கங்கள் விரும்புவதன் காரணமும் இதிலேயே புரியும். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்பவனைச் சமையலறைக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பிவிடலாம். போரைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. இந்தப் போர் தவறு என்பவனை எங்கே அனுப்புவது? 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போரை மறுத்த கில்லட் என்பவரின் வழக்கோடு சேர்த்து ஒரு கத்தோலிக்கரின் வழக்கையும் விசாரித்தது. எல்லாப் போரையும் அவர் எதிர்க்கவில்லை; தன் சபையின் நியாயப் போர்க் கோட்பாட்டின்படியே வியட்நாம் போர் அநியாயம் என்றார். எல்லாப் போரையும் எதிர்த்தால்தான் விலக்கு என்று எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், மறுத்தவர் ஒருவர். ஆக, எல்லாப் போரையும் மறுக்கும் சமாதானச் சபைக்காரனின் மனசாட்சிக்குச் சட்டத்தில் இடமுண்டு. கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கும் கோட்பாட்டை ஒழுங்காகப் படித்து அதன்படி நடப்பவனுக்கு இடமில்லை. மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் 1960இல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தது. அங்கே விலக்குக் கோரிய இளைஞர்களிடம் நேர்முக விசாரணையில் கேட்ட கேள்விகள் பெயர்போனவை: உன் காதலியைப் பூங்காவில் ஒருவன் தாக்குகிறான், உன் கையில் துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்வாய்? ஒரு தேசத்தின் போர்க் கொள்கையைப் பூங்காச் சண்டையாகச் சுருக்கிவிடும் சாமர்த்தியம் இது.

எல்லாரும் மறுத்திருந்தால் ஹிட்லரை யார் தடுத்திருப்பார்கள் என்பது எப்போதும் வரும் ஆட்சேபணை. எல்லாப் போரையும் மறுப்பவர்களுக்கு அது கடினமான கேள்விதான். போலந்திலோ நெதர்லாந்திலோ அதைக் கேட்டவர்களுக்கு மலைப்பிரசங்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு நகர முடியாது. ஆனால் அந்தக் கேள்வி ஒன்றை மறந்துவிடுகிறது. ஹிட்லரின் படையிலும் இருந்தவர்கள் கிறிஸ்தவர்களே. அவர்கள் இடுப்புவார்க் கொக்கியில் கடவுள் நம்மோடு என்று பொறித்திருந்தது. தடுக்க வேண்டிய படையாக அது வளர்ந்ததே, கோடிக்கணக்கான ஞானஸ்நானம் பெற்ற மனிதர்கள் தீர்ப்பை மேலிடத்திடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றதால்தான். யேகர்ஷ்டேட்டர் ஒருவராக இல்லாமல் சில லட்சமாக இருந்திருந்தால்? நடக்காத ஒன்று, நிரூபிக்க முடியாது. ஆனாலும், மறுப்பவனால் ஹிட்லர் ஜெயிப்பான் என்ற வாதத்தைவிட, மறுக்காதவனால்தான் ஹிட்லர் உருவானான் என்ற வாதத்துக்கு வரலாற்றில் சான்று அதிகம். கத்தோலிக்க சபைக்கு இது உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின. யேகர்ஷ்டேட்டரின் பெயரை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் வைத்தவர் முன்பு பம்பாய்ப் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ். மனசாட்சியின் பேரில் ஆயுதத்தை மறுப்பவர்களுக்குச் சட்டங்கள் இரக்கத்தோடு இடம்தர வேண்டும் என்று 1965இல் சங்கம் எழுதியது. அதே பத்தியில், நேர்மையாகப் பணிபுரியும் படைவீரன் அமைதிக்குத் துணைசெய்பவனே என்றும் எழுதிக்கொண்டது. 2007இல் லின்ஸ் பேராலயத்திலேயே யேகர்ஷ்டேட்டருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. 94 வயது மனைவி ஃபிரான்சிஸ்கா உடனிருந்தார்.

ஒவ்வொரு சிப்பாயும் போரை எடைபோட ஆரம்பித்தால் படை கலைந்துவிடாதா என்பது தளபதிகளின் கவலை. ஜெர்மனியின் அனுபவம் அதற்கு ஓரளவு பதில். மாற்றுப் பணி 1961இல் தொடங்கி, கட்டாய சேவை நிறுத்திவைக்கப்பட்ட 2011 வரை 25 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிசெய்தார்கள். படை கலையவில்லை, இளைஞர்கள் வராவிட்டால் முதியோர் இல்லங்கள் என்ன ஆகும் என்பதே கடைசியில் கவலையாயிற்று. 2005இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது. ஈராக் போருக்கு உதவக்கூடும் என்று கருதி ஒரு ராணுவ மென்பொருள் வேலையைச் செய்ய மறுத்த மேஜரை, மனசாட்சி சுதந்திரத்தின் பேரில் அது விடுவித்தது. அவர் கையில் இருந்தது கணினி. மறுத்தது ஒரு குறிப்பிட்ட போரை. ஆயுதத்தில் போட்ட பழைய கோடு அந்தத் தீர்ப்பில் மெல்ல அழிந்தது.

எல்லையின் மறுபக்கம், கிழக்கு ஜெர்மனி, சட்டத்தில் ஒரு சந்து மட்டும் திறந்தது. கட்டாய சேவை 1962இல் வந்தபின் மறுப்பவர்கள் சிறைக்குப் போக, சபைகள் இடைவிடாமல் பேசியதில், 1964இல் 'கட்டுமான வீரர்' என்ற பிரிவை அரசு உருவாக்கியது. சீருடை உண்டு, துப்பாக்கி இல்லை. தோள்பட்டையில் மண்வெட்டிச் சின்னம். வார்சா ஒப்பந்த நாடுகளில் வேறெங்கும் இல்லாத சலுகை. ஆனால் அந்த மண்வெட்டி ராணுவத் தளங்களையும் கட்டியது. பிரமாணத்துக்குப் பதிலாக ஓர் உறுதிமொழியும் கேட்டது. சேர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் அடைபட்டது. மேற்கிலிருந்த புரொட்டஸ்டன்ட் அறிஞர்கள் 1959இல் ஹைடல்பர்க்கில், ஆயுதத்தோடு அமைதி காப்பதும் ஆயுதமின்றி அமைதி காப்பதும் இரண்டுமே கிறிஸ்தவனுக்கு இயலும் வழிகள் என்று ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார்கள். கிழக்கின் சபைகள் 1965இல் அதைத் தாண்டி, சிறைக்குப் போகிறவனும் மண்வெட்டி எடுப்பவனும் தருவதே இன்னும் தெளிவான சாட்சி என்று எழுதின. சொல்லும் சபைக்கே ஆபத்தான வாக்கியம் அது. அதனாலேயே அதற்கு எடை அதிகம்.

அந்தக் கட்டுமான வீரர்களில் ஒருவர் ரைனர் எப்பெல்மன் என்ற கொத்தனார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டார், உறுதிமொழியை மட்டும் மறுத்தார். எட்டு மாதச் சிறை. பிறகு இறையியல் படித்துப் போதகரானார். பெர்லின் சுவர் விழுந்தபின் 1990 ஏப்ரலில் அமைந்த கிழக்கு ஜெர்மனியின் அமைச்சரவையில், ஆயுதக் குறைப்புக்கும் பாதுகாப்புக்குமான அமைச்சராக அவரை உட்கார வைத்தார்கள். முன்பு தன்னைச் சிறைக்கு அனுப்பிய படை இப்போது அவர் ஆணைக்குக் காத்து நின்றது. ஜூலை 20 அன்று, ஹிட்லரைக் கொல்ல அவருடைய அதிகாரிகளே 1944இல் முயன்ற அந்தத் தேதியில், கிழக்கு ஜெர்மனியின் வீரர்கள் புதிய பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் அந்தப் படையும் இல்லை, அந்த நாடும் இல்லை.